முறைப்பால்

குப்புவின் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளை துடைத்தும் போகவில்லை. கெங்கம்மாள் முதலில் முந்தானை நுனியால் துடைத்தாள். பிறகு எச்சில் தொட்டுத் துடைத்தாள். பால் காய்ந்தால் பிசுபிசுக்கும், புளித்த வாசனை வரும், ஈ தேடிக்கொண்டு வரும். இது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து விரலில் மாவாக ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனால், புதிதாக வெள்ளையடித்த சுவர் மழையில் நனைந்தால் வருமே, அந்த வாசனை. பால் கொடுத்தவள் வெற்றிலை போடுகிறவளாக இருக்கும், சுண்ணாம்பு விரல் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குழந்தை வயிறு புடைக்கக் குடித்துவிட்டு மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பசியாறிய குழந்தையின் வாயை மோந்து பார்த்துக் குறை சொல்வது நன்றி கெட்டவள் செய்கிற வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டு, குப்புவை இரும்புத் தொட்டிலில் கிடத்தினாள்.

இதற்கு முன் பெற்ற இரண்டையும் கெங்கம்மாள் வாரிக் கொடுத்திருந்தாள். இரண்டும் ஒரே மாதிரி போயின. வயிற்றால் போய்ப் போய், கண் உள்ளே விழுந்து, தோல் எலும்போடு ஒட்டி, கடைசியில் அழக்கூடத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து போயின. அதனால்தான் மூன்றாவதைப் பிறந்த அன்றே குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பம்மாள் என்று பேர் வைத்தார்கள். குப்பையை எமன் தொடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. ஆடி மாதம் அந்தக் குப்பைக்கும் வயிற்றால் போக ஆரம்பித்தபோது, புருஷன் கோவிந்தசாமி யாரிடமும் யோசனை கேட்காமல் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். கூடவே ஓடிவந்த கெங்கம்மாளுக்கு வழியிலேயே காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது மார்பில் பால் இல்லை.

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்று மணலைப் பார்த்தபடி இருந்தது அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரி. தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து கட்டிக் கொடுத்தது. அதற்கு முன்னால் அங்கே தோல் பதனிடுகிற தோல் ஷாப்பு ஒன்று இருந்தது. அது மூடிக் கிடந்து பாழானபின் தோல் ஊறப் போட்ட குழிகளில் மணலைக் கொட்டி மேலே தரை போட்டுவிட்டார்கள். நீள வார்டு ஒன்று, அதை ஒட்டி நீள வராண்டா ஒன்று. டாக்டரம்மா வேலூரிலிருந்து ரயிலில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நர்ஸ் ஞானம்மாள்தான் எல்லாம். தொட்டிலில் குழந்தை, தொட்டிலுக்குக் கீழே பாயில் தாய். பின்கட்டில் கல் கூட்டி அவரவர் கஞ்சி காய்ச்சிக்கொள்வார்கள். ஒருத்தி தண்ணீர் தூக்கினால் இன்னொருத்தி அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். ஊருக்குள் ஒரே கிணற்றில் நீர் மொள்ளாதவர்கள்கூட இங்கே ஒரே விசிறியால் விசிறிக்கொண்டார்கள்.

அப்படி வந்ததுதான் முறைப்பால். பால் இல்லாதவளின் குழந்தைக்குப் பால் உள்ளவர்கள் முறை வைத்துக் கொடுப்பது. டாக்டரம்மாவுக்கு இது ஆகாது. ஒரு குழந்தையின் நோய் இன்னொன்றுக்குத் தொற்றும், காய்ச்சிய பசும்பாலைக் கரண்டியில் புகட்டினால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கரண்டிப் பாலை எந்தக் குழந்தை மதித்தது? ஆகவே விளக்கு வைக்கிற நேரத்தில், ஞானம்மாள் நடுவில் ஒரு லாந்தரை ஏற்றி மாட்டிவிட்டு ஜெபத்துக்குப் போனபின், திருட்டுத்தனமாக நடக்கும். பால் கொடுக்கிறவள் வராண்டாவில் உட்கார்ந்து கையை நீட்டுவாள். தாய் குழந்தையை அந்தக் கையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அவள் மட்டுமில்லை, வார்டில் இருக்கிற எல்லாப் பெண்களும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிடுவார்கள். குடிக்கிற குழந்தையைப் பார்த்தால் கண் பட்டுவிடும். யார், எந்தத் தெரு, எந்த ஜாதி என்று கேட்பதும் கிடையாது. கேட்டால் கொடுக்கிறவளுக்கும் சங்கடம், வாங்குகிறவளுக்கும் சங்கடம்.

குப்புவுக்கு முதலில் முறைப்பால் கொடுத்தவள் ஜஹீருன்னிசா. தோல் மண்டிக் கணக்கரின் மனைவி, தாராளமான உடம்பு, அதைவிடத் தாராளமான வாய். அவளுடைய கைக்குழந்தை ஆபித்துக்கு மார்ச்சளி. ஒரு பக்கம் ஆபித்தையும் ஒரு பக்கம் குப்புவையும் போட்டுக்கொண்டு அவள் கெங்கம்மாளைச் சீண்டுவாள்.

“இனிமே உன் பொண்ணுக்கு எங்கூட்டுப் பசங்க அண்ணன் முறை, தெரியுமா கெங்கா? பால் குடுத்தவளுக்கும் புள்ளை மேல ஹக்கு உண்டு. நாளைக்கு வந்து பாதிப் புள்ளை குடுன்னு கேப்பேன்.”

“பொழைச்சிக் கெடந்தா முழுசா எடுத்துக்கோ பாயம்மா” என்றாள் கெங்கம்மாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

ஆனால் கொஞ்ச நாளில் ஜஹீருன்னிசாவுக்கு மார்பில் பால் கட்டி, மார்க்கட்டு வந்து, குளிர்க் காய்ச்சலில் பல் கிட்டியது. கட்டியைக் கீறிவிட்ட டாக்டரம்மா, ஆபித்துக்கே பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் குப்பு பசியில் கத்திக் கத்தி ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தபோது, கெங்கம்மாள் செய்வதறியாமல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வராண்டாவில் நடந்தாள். வராண்டாவின் கோடியில், லாந்தர் வெளிச்சம் போய்ச் சேராத இடத்தில், ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணி, தலையில் முக்காடு. கை நீட்டினாள்.

முக்காட்டைப் பார்த்ததுமே ஜஹீருன்னிசா தன் பக்கத்து மனுஷி யாரையோ ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று கெங்கம்மாளுக்குப் புரிந்துபோயிற்று. கைம்பெண் போலிருந்தாள். மடியில் பால் வற்றுமுன் புருஷனைப் பறிகொடுத்தவளிடம் என்னவென்று பேச்சுக் கொடுப்பது? குழந்தையை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். குப்பு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு ஆவலாக அவள் ஜஹீருன்னிசாவிடம்கூடக் குடித்ததில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கெங்கம்மாள் சந்தோஷத்தில் அழுதாள்.

அதற்குப் பிறகு தினமும் அவள் வந்தாள். குப்புவுக்கு வயிற்றால் போவது நின்றது. கன்னம் உப்பியது, கை கால் உருண்டது, தொடையில் மடிப்பு விழுந்தது. தராசுத் தொட்டிலில் போட்டுப் பார்த்த ஞானம்மாளுக்கே ஆச்சரியம். கரண்டிப் பாலின் மகிமையைப் பார்த்தாயா என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். கெங்கம்மாளும் ஆமாம் நர்ஸம்மா என்று பயபக்தியோடு தலையாட்டினாள். பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் மட்டும் இருந்தன. குப்பு அழுவதில்லை. வாயைத் திறப்பாள், முகம் கோணும், சத்தம் வராது. உடம்பு எப்போதும் ஈரத்தரையில் வைத்து எடுத்தது போலச் சில்லென்று இருந்தது. வராண்டாக் கோடியிலும் ஈரம். எத்தனை வெயில் அடித்தாலும் அந்த மூலையில் மட்டும் தரை நனைந்தே இருந்தது; காய்ந்த ஓரங்களில் வெள்ளையாகப் பூத்தது. கூட்டுகிறவள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, பழைய கட்டடம் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். கெங்கம்மாளும் விட்டுவிட்டாள். குழந்தை உப்பிக்கொண்டிருக்கும்போது தரையைப் பற்றி யாருக்குக் கவலை?

வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புக்கு விடுமுறை. அன்று கோவிந்தசாமி வந்தான். வேர்க்கடலையும் கொஞ்சம் வெல்லமும் மடித்து எடுத்து வந்திருந்தான். குழந்தையைப் பார்த்ததும் அந்த மனுஷன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, காலைத் தொட்டுப் பார்த்தான், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தலையைத் தடவினான். சிறு வயதிலிருந்து தோலில் உழைத்த கை அது. சுண்ணாம்புக் குழியில் ஊறப் போட்ட தோல் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, அதை வெளியே இழுத்து, கட்டை விரலை அழுத்தி ஒரு தள்ளுத் தள்ளுவார்கள். தோல் உப்பி, மயிர் வழித்துக்கொண்டு வந்தால் பதம். அந்தப் பழக்கத்தில் அவன் விரல் குப்புவின் தலையில் ஒரு தள்ளுத் தள்ளியது.

மயிர் வந்துவிட்டது. விரல் போன வழி முழுக்க, மழமழவென்று வெள்ளைத் தோல்.

கோவிந்தசாமி விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து குழந்தையை மோந்தான்.

“இன்னா மே, இதும்மேல குழி நாத்தம் அடிக்குது?”

உன் கை நாற்றம்தான் என்றாள் கெங்கம்மாள்.

“நா சுண்ணாம்பு வேலைய வுட்டு எம்மா நாளாச்சி. இப்ப ஆவாரம் பட்டை வேலைல இல்ல கீறேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “யாரு மே இதுக்குப் பால் குடுக்கிறது?”

பாயம்மா வீட்டு மனுஷி என்று அவள் சொன்னாள். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு முடி கொட்டுவது சகஜம் என்றும், நல்லதாக முளைக்கும் என்றும், ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தைரியம் வந்தது. கோவிந்தசாமி வராண்டாக் கோடியைப் பார்த்தான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது இங்கிருந்த பழைய தோல் ஷாப்பில் வேலை செய்திருக்கிறான்; சுண்ணாம்புக் குழிகள் வரிசையாக அந்த மூலையில்தான் இருந்தன என்று மட்டும் சொன்னான். போகும்போது, பாலை நிறுத்திவிடேன் என்றான். நிறுத்தினால்? மற்ற இரண்டும் காய்ந்து போனதைப் பார்த்தவன் தானே அவனும். கெங்கம்மாள் அப்படிக் கேட்டதும் அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலமும் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றபோது முதல் தடவையாக முதுகு கூசியது.

மறுநாள் விடிகிற நேரத்தில் ஜஹீருன்னிசாவின் ஆபித் இறந்துபோனான். மார்ச்சளி குறைந்து, நன்றாகச் சதை போட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்த குழந்தை. காய்ச்சல் மயக்கத்திலிருந்த ஜஹீருன்னிசா அலறக்கூட இல்லை. அவளுடைய ஆட்கள் வந்து தாயையும் பிள்ளையையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கெங்கம்மாள் குப்புவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். தனக்கு வராமல் அடுத்தவளுக்குப் போயிற்றே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி ஓடியது. அந்த நிம்மதிக்காக அவள் வெட்கப்பட்டாள்.

காலியான அந்த இடத்துக்கு அதற்கடுத்த நாள் காலையில் வஹீதா வந்தாள். பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறவள், தலைச்சன் பிள்ளை, இன்னும் கன்னத்தில் குழந்தைத்தனம் போகவில்லை. வண்டியில் வந்த அலுப்பிலும் பயத்திலும் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு இறங்கவில்லை. நாள் முழுக்க அவளுடைய சிசு வீரிட்டுக்கொண்டிருந்தது. அக்கா அக்கா என்று கெங்கம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கேட்டாள். தண்ணீர் எங்கே, அடுப்பு எங்கே, நர்ஸம்மா கோபக்காரியா. கெங்கம்மாள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். முறைப்பாலைப் பற்றியும் சொன்னாள்.

வெயில் தாழ்ந்தபோது ஜட்கா ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஜஹீருன்னிசா இறங்கினாள். துக்கம் நடந்த வீட்டிலிருந்து யாரும் இப்படி உடனே கிளம்பி வரமாட்டார்கள். நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு, முகத்திரையை விலக்காமலே கெங்கம்மாளைக் கூப்பிட்டாள்.

“கெங்கா, உங்க ஜனத்துல அந்தப் பொம்பளை யாரு?”

“எந்தப் பொம்பளை?”

“தெனம் வந்து பால் குடுத்தாளே. எனக்கு மார்க்கட்டு வந்ததுலேர்ந்து ஆபித்துக்கும் அவதான் குடுத்தா. வெள்ளைப் புடவை, கையில வளையல் இல்ல. உங்க ஜனத்துல தாலி அறுத்தவ போலன்னு நெனச்சேன். பாவம், இன்னான்னு கேக்கறதுன்னு கேக்கல.”

கெங்கம்மாள் வராண்டாக் கோடியைத் திரும்பிப் பார்த்தாள்.

“முக்காடு போட்டுகினு இருந்தாளே பாயம்மா. நா உங்க ஆளுன்னு இல்ல நெனச்சேன்?”

வார்டில் இத்தனை பெண்கள் இருந்தார்கள். முக்காட்டைப் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வெறுங்கையைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் எல்லாரும் மரியாதை என்று வைத்திருந்தார்கள்.

ஜஹீருன்னிசா மெதுவாகச் சொன்னாள். இறந்த பிள்ளையின் மையத்தைக் குளிப்பாட்டியவள் அவளுடைய சொந்த நாத்தனார். தண்ணீர் ஊற்றிக் கையால் தேய்த்ததும், முடி எல்லாம் வழித்துக்கொண்டு வந்துவிட்டதாம். புருவம், இமை எல்லாம். தோல் தடித்து வெளுத்து, அழுத்தினால் அழுத்தின இடத்தில் குழியாகவே நின்றதாம். நாத்தனார் பயந்துபோய்த் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கஃபன் துணியைச் சுற்றி மூடிவிட்டாளாம்.

“சதை போட்டான்னு சந்தோஷப்பட்டேனே கெங்கா” என்றாள். “அது சதை இல்ல.”

சதை இல்லை. கெங்கம்மாளுக்கு அது தெரியும். தோல் ஷாப்புக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா? குழியில் போட்ட தோல்தான் அப்படி உப்பும். வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஜட்கா போனதும் அவள் நேராக வஹீதாவிடம் போனாள். முறைப்பால் என்று யார் வந்து கை நீட்டினாலும் பிள்ளையைக் கொடுக்காதே, எந்த ஜாதியாக இருந்தாலும் சரி, முகத்தைப் பார்க்காமல் கொடுக்காதே என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு அவளால் சொல்ல முடியவில்லை. வஹீதா கண்ணை அகல விரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

“உன்கிட்ட தவிர யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்க்கா. சத்தியமா.”

மற்றவர்களிடமும் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர் அவள் பிள்ளைக்குக் கிடைத்தது அடுத்தவள் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது என்று பொறாமைப்படுவதாக முணுமுணுத்தார்கள். ஞானம்மாளிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். என்னவென்று சொல்வது? திருட்டுத்தனமாகப் பால் வாங்கியதைச் சொன்னால் இன்றைக்கே வெளியே போகச் சொல்லிவிடுவாள். கரண்டியை எடுத்து, ஆறிய பசும்பாலைக் குப்புவின் வாயில் விட்டாள். அது ஓரத்தில் வழிந்தது. மறுபடி விட்டாள். மறுபடி வழிந்தது.

பொழுது சாய்ந்தது. ஆற்று மணலிலிருந்து அனல் அடங்கி, தூரத்துத் தோல் ஷாப்புகளின் வாடை காற்றில் இறங்கியது. பின்கட்டில் ஈர விறகு புகைந்தது. யாரோ கஞ்சிக்குக் கீரை கடைகிற சத்தம் கேட்டது. டவுனிலிருந்து மக்ரிப் பாங்கொலி வந்து ஓய்ந்தது. ஞானம்மாள் லாந்தரை ஏற்றி நடுத்தூணில் மாட்டினாள், தொட்டில்களை ஒரு பார்வை பார்த்தாள், ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் செருப்புச் சத்தம் தேய்ந்துபோகிறவரை கெங்கம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குப்புவை மார்போடு சேர்த்து முந்தானையால் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டி, வராண்டாவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

முடிச்சுக்குள் குப்பு அசைந்தாள். தலையைத் திருப்பினாள். வராண்டாக் கோடிப் பக்கம்.

வாய் திறந்தது. சத்தம் இல்லை.

முதலில் வாசனை வந்தது. நனைந்த சுவர். பிறகு அதற்கடியில் இருந்த வாசனை, இத்தனை நாள் அவள் கவனிக்காத வாசனை, பச்சைத் தோல் ஊறுகிற குழியின் வாடை. ஈரக்கால் தரையில் பதிகிற சத்தம். நின்றது. மறுபடி கேட்டது. பக்கத்துப் பாயிலிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைத் துணியையும் நீட்டிய கையையும் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. வழக்கப்படி திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அதற்கடுத்தவள். வளையல்கள் ஒருமுறை குலுங்கி அடங்கின. வார்டு முழுக்க முதுகுகள்.

கெங்கம்மாள் திரும்பவில்லை.

கைதான் முதலில் தெரிந்தது. ஊறிப் பருத்த விரல்கள். நகம் இல்லை. உள்ளங்கையில் ரேகை இல்லை, ஒரு கோடுகூட. மழமழவென்று இருந்தது. பார்வையை மேலே கொண்டுபோனாள். போகாதே என்று நினைத்துக்கொண்டே கொண்டுபோனாள். முக்காட்டுக்குள் முகம் இருந்தது. புருவம் இல்லை. இமையில் முடி இல்லை. வழித்து எடுத்த முகம். அதில் இரண்டு கண்கள் கெங்கம்மாளைப் பார்க்கவே இல்லை. குப்புவை மட்டும் பார்த்தன. பசித்த பிள்ளையைத் தாய் பார்ப்பாளே, அப்படி.

அந்தப் பார்வைதான் கெங்கம்மாளை நடுங்க வைத்தது.

“இது என் புள்ள” என்றாள். “தர மாட்டேன்.”

கை நீண்டபடியே இருந்தது. அவசரம் இல்லை. குப்புவின் உடம்பு விறைத்தது. உதடு நீலமாயிற்று. வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது. சின்ன விரல்கள் கெங்கம்மாளின் ரவிக்கையைப் பிடித்துத் தேடின. அங்கே ஒன்றுமில்லை. ஒரு சொட்டு இல்லை. மற்ற இரண்டும் இப்படித்தான் தேடின, கடைசி நாளில்.

“எனக்குக் குடு” என்றாள் கெங்கம்மாள். அழுதாள். “அந்தப் பால எனக்குக் குடு. நானே குடுத்துக்கிறேன். வேற இன்னா வேணாலும் எடுத்துக்கோ.”

கை மெதுவாக முன்னால் வந்தது. குழந்தையைத் தொடவில்லை. கெங்கம்மாளின் நெஞ்சில் படிந்தது.

குளிர். எலும்புவரை குளிர். பிறகு மார்பில் ஒரு நெறி கட்டி, குத்தி, உடைந்தது. ரவிக்கை நனைந்தது. நிமிர்ந்து பார்த்தபோது வராண்டா வெறுமையாக இருந்தது. தரையில் ஈரம் மட்டும்.

முடிச்சை அவிழ்த்துக் குப்புவை மார்பில் போட்டாள். குப்பு கவ்விக்கொண்டாள். உறிஞ்சினாள். கெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது. தன் பால். தன் மடி. ஆண்டவனே, தன் பால். குனிந்து குழந்தையின் உச்சியில் முத்தம் கொடுத்தாள். எல்லாரும் திரும்பியிருந்ததால் ஒருத்தரும் பார்க்கவில்லை, கண் படாது என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

உதட்டில் குழந்தையின் மயிர் ஒட்டியிருந்தது. துடைத்தாள். வியர்த்த தன் நெற்றியைப் புறங்கையால் வழித்தாள்.

புறங்கையில் புருவம் வந்தது. அவளுடையது.

வாசனை போகவில்லை. அவளிடமிருந்து வந்தது.

குழந்தையின் நெஞ்சில் கை வைத்தாள். துடிப்பு இல்லை. வேறு இடத்தில் வைத்தாள். இல்லை. மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இல்லை. குளிர்ந்து, கனத்து, கண் பாதி திறந்து கிடந்தாள் குப்பு. வாய் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. விடாமல். ஆவலாக. கடைவாயில் வழிந்த வெள்ளை தரையில் சொட்டி, சொட்டிய இடத்தில் பொருக்காகக் காய்ந்தது.

கெங்கம்மாள் கத்த வாயைத் திறந்தாள். சுண்ணாம்பு பட்டது போல நாக்கு வெந்திருந்தது. சத்தம் வரவில்லை.

வார்டின் நடுவில் வஹீதாவின் சிசு வீரிட்டது. பசித்த குரல். அதைக் கேட்டதும் கெங்கம்மாளின் மறு மார்பு கட்டிக்கொண்டு குத்தியது. வேண்டாம் என்று அவள் நினைத்தாள். நினைப்பதற்குள் வலது கை மடியிலிருந்து எழுந்துவிட்டது. இழுத்துப் பார்த்தாள். அது நீண்டது. லாந்தர் வெளிச்சத்தில் உள்ளங்கை மழமழவென்று இருந்தது.

வஹீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். கிட்டே வந்து, சொல்லிக் கொடுத்தபடி முதலில் முகத்தைப் பார்த்தாள். அரை இருட்டு. முந்தானை தலையில் சரிந்திருந்தது. ஆனாலும் அக்காதான், சந்தேகமில்லை. அவள் முகம் மலர்ந்தது.

“உனக்குப் பால் வந்துடுச்சாக்கா?” என்றாள் மெதுவாக.

கெங்கம்மாள் தலையை ஆட்ட முயன்றாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். கண்ணிலிருந்து வழிந்ததும் வெள்ளையாகத்தான் இருந்தது.

வஹீதா குழந்தையை அந்தக் கையில் வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, கண் பட்டுவிடாமல், மற்றவர்களோடு சேர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.